மைலேஜ் குறைந்த மாதங்கள்

என் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போன பிறகு எங்கள் பிக்கப் வண்டியை நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் மலையில் அரியூர் நாட்டுப் பக்கம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவேன். கீழே ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் இறக்கிவிட்டு, திரும்பும்போது உர மூட்டையோ மளிகைச் சாமானோ எது கிடைக்கிறதோ அதை ஏற்றி வந்து மலைமேல் செம்மேட்டில் போடுவேன். கிழங்கு ஓய்ந்த மாதங்களில் வாழைத்தார், பலா, அன்னாசி என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

வண்டி வாங்கியது அவர் ஓட்டத்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவர் ரிக்கில் வேலை பார்த்தவர். வடக்கே மாதக்கணக்கில் அலைந்தது போதும், இனி ஊரோடு இருக்கலாம் என்று சொல்லித்தான் வாங்கினார். ஒரு வருஷம்போல ஓட்டினார். அந்த வருஷத்தில்தான், அறுவடை முடிந்த வயலில் வைத்து எனக்கும் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். விளையாட்டாக ஆரம்பித்ததுதான். நான் சீக்கிரம் பிடித்துக்கொண்டதும், நாமக்கல்லுக்குக் கூட்டிப்போய் லைசென்சும் எடுக்க வைத்தார். பிறகு பழைய ரிக் முதலாளி கூப்பிட்டார். மூன்று மாதம் என்று போனவர் அங்கேயே தங்கிவிட்டார். எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. வீட்டில் நானும் வாசலில் வண்டியும்தான்.

எங்கள் வீட்டில் செல்போன் சிக்னல் எடுக்காது. செம்மேட்டுக்கு வந்தால்தான் பேச முடியும். அதனால் அவரோடு பேசியதெல்லாம் வண்டிக்குள் உட்கார்ந்து பேசியதுதான். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி ரோட்டோரமாக நிறுத்திக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்வேன். அவர் சத்தீஸ்கரிலோ ஒடிசாவிலோ, லாரி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நகரும் நேரம் பார்த்துக் கூப்பிடுவார்.

"ஏம்புள்ள, சாப்பிட்டயா?"

"சாப்பிட்டனுங்க. நீங்க?"

"ஆச்சு. மழயா அங்க?"

"லேசாத் தூறுதுங்க."

"சரி, வெச்சரட்டா?"

கல்யாணமான புதிதிலும் அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் பக்கத்தில் இருக்கிறவர் பேசாமலிருப்பது வேறு, போனில் பேசாமலிருப்பது வேறு. போனில் பேச்சு நின்றால் லைன் அறுந்ததா ஆள் இருக்கிறாரா என்றே தெரியாது. 'ஹலோ, ஹலோ' என்று நான் கூப்பிடுவேன். "இருக்கறன், இருக்கறன்" என்பார். அதற்கப்புறமும் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

வண்டி டீசலை அதிகமாகக் குடிக்கிறது என்பது தை மாதம் முடிகிற சமயத்தில்தான் எனக்கு உறைத்தது. காரவள்ளி அடிவாரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பினால், வழக்கமாக அந்த வாரம் ஓடிவிடும். அன்றைக்கு வாரம் முடியவில்லை, பாதி மலை ஏறிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் விளக்கு எரிந்தது. மேலே போய்ச் சேருமா, வழியில் நின்றுவிடுமா என்று தெரியாமல் ஓட்டினேன். நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபோது எனக்கு ஒரு பெயர்கூட நினைவுக்கு வரவில்லை. சொந்தபந்தம் இல்லாமல் இல்லை. ஆனால் கூப்பிட்டால் "இதுக்குத்தான் அப்பவே சொன்னோம், பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்பதைக் கேட்டுவிட்டுத்தான் டீசலை வாங்க வேண்டும்.

நல்லவேளை, வண்டி நிற்கவில்லை. மறுநாள், கீழே போன ஒரு வண்டிக்காரரிடம் கேனில் டீசல் வாங்கிவரச் சொல்லி ஊற்றிக்கொண்டு இறங்கினேன். டேங்கை வாய் வரைக்கும் நிரப்பி, கிலோமீட்டரை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்தமுறை மறுபடி வாய் வரைக்கும் நிரப்பிப் பார்த்தேன். முன்பு லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்த வண்டி, ஒன்பதைத் தாண்டவில்லை.

அந்த வாரம் அவர் கூப்பிட்டபோது, வெச்சரட்டா என்று கேட்பதற்கு முன்பே சொன்னேன்.

"ஏனுங்க, வண்டி டீசல் ரொம்பக் குடிக்குதுங்க. ஒம்பதுதான் குடுக்குது."

"ஒம்பதா?" அவர் குரலே மாறிவிட்டது. "மலயேத்தம்னாலும் அவ்வளவு கொறயாதே புள்ள. பொக கருப்பா வருதா?"

"ஏறும்போது கொஞ்சம் வருதுங்க."

"டேங்க் ஒழுகுதா பாத்தயா? அடியில அட்டைய விரிச்சுப் போடு. விடிஞ்சு எந்திரிச்சுப் பாரு. அப்பறம் ஏர் பில்டரக் கழட்டிப் பாரு. அந்தச் செம்மண் புழுதிக்கு அது அடச்சுக்கும். எங்க இருக்குதுன்னு தெரியுமில்ல?"

"தெரியாதுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். பானெட்டைத் தூக்கினால் இடது கைப்பக்கம் கருப்பாக ஒரு பெட்டி, அதில் நாலு கிளிப், எந்தக் கிளிப்பை முதலில் எடுக்க வேண்டும், பில்டரை எப்படித் தட்ட வேண்டும், எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அப்படித் தொடர்ந்து பேசி நான் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. பின்னால் யாரோ அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "இருங்கடா, வாரேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு மறுபடி என்னிடம் வந்தார்.

அட்டையில் ஒரு சொட்டு டீசல்கூட இல்லை. ஏர் பில்டரைக் கழற்றித் தட்டினால் ஒரு முறம் செம்மண் கொட்டியது. புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். புகை குறைந்தது. மைலேஜ் அரை கிலோமீட்டர் கூடியிருந்தால் அதிகம்.

அடுத்த வாரம் டயரில் காற்றைப் பார்க்கச் சொன்னார். பின் டயர் இரண்டிலும் குறைவாகத்தான் இருந்தது. பிடித்தேன். அதற்கடுத்த வாரம், வண்டியின் பின்னால் சும்மா சுமந்துகொண்டு திரிகிற சாமான்களையெல்லாம் இறக்கச் சொன்னார். சங்கிலி, கம்பி, நனைந்த தார்ப்பாய், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கிற கட்டைகளில் ஒன்றிரண்டு தவிர மற்றது எல்லாம் இறங்கியது. யாராவது டீசலை உறிஞ்சி எடுக்கிறார்களோ என்ற சந்தேகத்தில் டேங்குக்குப் பூட்டு மூடியும் வாங்கிப் போட்டேன். பக்கத்துக் காட்டுக்காரர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்களைத்தான் சந்தேகப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். பூட்டுப் போட்டதிலும் மைலேஜ் கூடவில்லை. இருந்த ஒன்றிரண்டு பேச்சுத்துணையும் போனதுதான் மிச்சம்.

மாசியில், கீழே சேந்தமங்கலம் போகிற ரோட்டில் இருந்த ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனேன். பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் இறங்கியதும், எனக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தார்.

"வண்டி யாரு ஓட்டறதுங்க அம்மிணி?"

"நாந்தானுங்க."

அவர் எஞ்சினைப் போடச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். அணைக்கச் சொன்னார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"வண்டியில ஒண்ணும் இல்லீங்க. தப்பா நெனக்காதீங்க, பொம்பளைங்க ஓட்டுனா கிளட்ச்சுல கால வெச்சமானிக்கே ஓட்டுவாங்க. அதான் டீசல் குடிக்குது. வேணும்னா பம்பு, இன்ஜெக்டர் எல்லாம் எறக்கிப் பாக்கலாம். வண்டி நாலு நாளு நிக்கும்."

"நான் கிளட்ச்சுல கால வெக்கறதில்லீங்க."

"உங்களுக்குத் தெரியாதுங்க. அது பாட்டுக்குப் போயிரும் காலு."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என் இடது காலையே கவனித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கியருக்கும் பிறகு கால் எங்கே போகிறது, தரையில் இருக்கிறதா, பெடலில் இருக்கிறதா. அதுவரை யோசிக்காமல் ஓட்டிய வண்டியை அன்றைக்கு யோசித்து யோசித்து ஓட்டியதில், ஒரு கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் அணைந்தே போய்விட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். பஸ் ஜன்னலில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அழுகை வந்தது. அழுதுகொண்டே ஸ்டார்ட் செய்து ஏறினேன். பட்டறைக்காரர் சொன்னது சரியாக இருக்குமோ என்ற எண்ணம் அன்றிலிருந்து ஒரு மாதம் என்னை விடவில்லை. என் கணவரிடம் அதைச் சொல்லவில்லை. பட்டறையில் ஒன்றுமில்லை என்றார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"அவனுங்களுக்கு என்ன தெரியும்" என்றார். "நீ வண்டி எப்படிப் போகுதுன்னு எனக்குச் சொல்லு. ஊட்ல இருந்து கெளம்பறதுலருந்து சொல்லு."

சொன்னேன். அவர் குறுக்கே குறுக்கே கேட்டார். எந்த மேட்டில் எந்த கியர், எங்கே இழுக்கிறது, எங்கே திணறுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார் என்று தோன்றியது. சோளக்காடு ஊரைத் தாண்டியதும் வருகிற அந்த வளைவில் மரம் இன்னும் சாய்ந்துதான் நிற்கிறதா என்றும் கேட்டார். அதற்கும் மைலேஜுக்கும் சம்பந்தம் இல்லை. இன்னும் சாய்ந்துதான் நிற்கிறது என்று சொன்னேன்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கோடை மழை பிடித்துக்கொண்டது. மளிகைச் சாமான் ஏற்றிக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தேன். சோளக்காட்டில் நிறுத்தி, பின்னால் தார்ப்பாய் விலகியிருக்கிறதா என்று பார்க்க இறங்கினேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. இடது பின் சக்கரத்திலிருந்து லேசாக ஆவி கிளம்பியது. மழைத்துளி விழவிழ, சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம்.

கீழே இறங்கும்போது பிரேக் சூடாகி வாசம் வருவது மலையில் ஓடுகிற வண்டிக்குப் புதிதல்ல. ஆனால் நான் அப்போது ஏறி வந்திருந்தேன். ஏறும்போது பிரேக்குக்கு வேலையே இல்லை. சுற்றிவந்து வலது பின் சக்கரத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. முன் சக்கரங்களும் அப்படியே. மறுபடி இடது பக்கம் வந்து கையைக் கிட்டே கொண்டுபோனேன். தொட முடியவில்லை.

மழையில் நனைந்துகொண்டு அங்கேயே நின்றேன். எங்கள் வாசல் கொஞ்சம் சரிவாக இருக்கும். முன்பெல்லாம் கைப்பிரேக்கை விட்டதும் வண்டி தானாகவே மெல்ல உருளும். சில மாதங்களாக, கியர் போட்டுக் கிளட்சை விட்டால்தான் நகர்ந்தது. தினமும் அதைச் செய்துகொண்டே, அதைப் பற்றி யோசிக்காமல் இருந்திருக்கிறேன். அந்தச் சக்கரத்தை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை இழுத்துக்கொண்டுதான் எஞ்சின் மலை ஏறியிருக்கிறது.

மறுநாள் அதே பட்டறைக்குத்தான் போனேன். பட்டறைக்காரர் என்னைப் பார்த்ததும், "பம்பு எறக்கிரலாமுங்களா?" என்றார்.

"வேண்டாமுங்க. இடது பின் சக்கரம் பிடிச்சமானிக்கே இருக்குது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சுத்திப் பாருங்க."

அவர் என்னை ஒருதரம் பார்த்தார். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினார். அரைச் சுற்றுகூடப் போகாமல் நின்றது. வலது பக்கத்தைத் தூக்கிச் சுற்றினார். அது பாட்டுக்குச் சுற்றியது. டிரம்மைக் கழற்றினார். உள்ளே ஒரு பக்கத்து பிரேக் ஷூ மட்டும் தேய்ந்து போயிருந்தது. டிரம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. கைப்பிரேக் கேபிளைக் கழற்றி இழுத்துக் காட்டினார். உறைக்குள் துரு ஏறி, இழுத்தால் இழுத்த இடத்திலேயே நின்றது.

"பனியும் மழையும் எறங்கி உள்ள துரு புடிச்சிருக்குதுங்க. நீங்க கைப்பிரேக்க விட்டாலும் இந்தப் பக்கம் முழுசா விடறதில்ல" என்றார். கேபிளைக் கீழே வைத்துவிட்டு, "அன்னைக்கு நான் தூக்கிப் பாத்திருக்கோணும் அம்மிணி" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். கேபிளும் ஷூவும் மாற்றி, சாயங்காலத்துக்குள் வண்டி தயாராகிவிட்டது.

அன்றைக்கு மலை ஏறியதைச் சொல்ல வேண்டும். வண்டி இறகு மாதிரி ஏறியது. முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறிய மேட்டையெல்லாம் இரண்டாவதில் ஏறினேன். பட்டறைக்காரர் சொன்னது தப்பு, என் கால் தப்புச் செய்யவில்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல வாய் துறுதுறுவென்றது. செம்மேடு வந்து போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். நாட் ரீச்சபிள். டீக்கடையில் நாலைந்து டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனால் பேச்சை நிறுத்திவிட்டு இடம் விடுவார்கள், மரியாதையாகத்தான். அவர்களிடம் போய் என்ன சொல்வது? வீட்டுக்கு வந்து வாசலில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக்கை விட்டுப் பார்த்தேன். உருண்டது. மறுபடி மேலே ஏற்றி, மறுபடி உருட்டினேன். பிறகு இறங்கிப் போய்ச் சோறு வைத்தேன்.

டேங்கை நிரப்பிப் பார்த்ததில் பழையபடி பன்னிரண்டு கொடுத்தது. அந்த வாரம் அவர் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன். ஆவி கிளம்பியதையும், சக்கரத்தைத் தொட்டுப் பார்த்ததையும். கிளட்ச் விஷயத்தையும் அப்போதுதான் சொன்னேன். "அட!" என்றார். "மூணு மாசமா எனக்கு இது தோணலயே. கெட்டிக்காரி புள்ள நீ." அதோடு பேச்சு நின்றது.

"சரி, அப்ப வெச்சரட்டா?"

"சரிங்க."

அதற்கடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் பழையபடி ஆனது. சாப்பிட்டயா, மழயா, வெச்சரட்டா. நான் வண்டிக்குள் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கியர் பாக்ஸில் ஏதோ சத்தம் வருகிறது என்று ஒரு பொய் சொல்லலாமா என்று தோன்றியது. சொன்னால் ஒரு மாதத்துக்குப் பேச்சு இருக்கும். ஒருநாள் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க..."

"என்ன புள்ள?"

"ஊட்ல ஒரே அமைதியா இருக்குதுங்க."

அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இங்க ஒரே சத்தம் புள்ள" என்றார். "மிஷின் ஓடுனா பக்கத்துல இருக்கறவன் பேசறது கேக்காது. நிறுத்துனா அவனவன் போனப் பாத்துட்டுப் படுத்துக்குவான். உன்ற வண்டி ரிப்பேர்ல இருந்தப்பத்தான் நாங்க ஒண்ணாச் சேந்து பேசுனோம். அஞ்சு பேரும் ஆளுக்கொரு ரோசன சொல்லுவானுங்க. கம்ப்ரசர் ஓட்டறவன் பம்புங்குவான், லாரிக்காரன் டயருங்குவான். சோறு திங்கும்போது அதேதான் பேச்சு. சக்கரம் பிடிச்சிருந்துச்சுன்னு நான் போய்ச் சொன்னன். அத்தோட எல்லாம் முடிஞ்சுபோச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. எங்கேயோ ஒரு காட்டில் முன்பின் தெரியாத அஞ்சு ஆண்கள் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு என் வண்டியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். இங்கே நான் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டு மலை ஏறியிருக்கிறேன்.

"வாங்களேன்" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அப்படிக் கேட்டதில்லை. போகிறவர் போவார், வருகிறவர் வருவார் என்றுதான் இருந்தேன்.

"இங்க மழ எறங்குனா வேலை படுத்துரும். வாரேன்" என்றார்.

ஆடியில் வந்தார். கருத்து இளைத்திருந்தார். காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. போனில் கேட்டதுபோல நேரில் அவர் எதையும் கேட்கவில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம், அவரவர் வேலையைப் பார்த்தோம். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு கீழே போனபோது கூட வந்தார். நான் ஓட்டினேன். அவர் இடது பக்கம் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு தன் காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தார். அடிவாரத்தில் இறங்கிச் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "நல்லா ஓட்டற" என்றார். இருந்த நாட்களில் ஒருமுறையும் சாவியைக் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். பேட்டரி, பெல்ட், ஆயில் அளக்கிற கோல் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். எனக்குப் பாதி தெரிந்திருந்தது. தெரியும் என்று சொல்லவில்லை. இரண்டு பேரும் எஞ்சினுக்குள் தலையைக் குனிந்துகொண்டு வெயில் ஏறும்வரை நின்றிருந்தோம். ரிக் வேலை இன்னும் எத்தனை நாள் என்று கேட்டேன். அவர் பெல்ட்டை அழுத்திப் பார்த்துக்கொண்டே, "வண்டி ரெண்டு பேருக்கும் சோறு போடறமாதிரி ஆகோணும், அதுவரைக்கும்" என்றார். வாழையும் கிழங்கும் விற்கிற விலைக்கு அது எப்போது ஆகும் என்று நான் கேட்கவில்லை.

வடக்கே மழை விட்டதும் முதலாளி கூப்பிட்டுவிட்டார். பெரிய பையும் சின்னப் பையுமாகக் காரவள்ளி வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். சேலம் போகிற பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாக, "பாத்துப் போ" என்றார். பஸ் போய்விட்டது. அன்றைக்குக் கீழே ஏற்றுவதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. காலி வண்டியோடு திரும்பினேன்.

பாதி மலையிலிருந்து பனி இறங்கியிருந்தது. பனியில் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடித்து, எதிரே வருகிறவர் பதிலுக்கு அடிக்கிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நான் அடித்தேன். பதில் இல்லை. திரும்பினேன். அடுத்த வளைவிலும் அடித்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக் காதைக் கொடுத்தேன். எதிரே எந்த வண்டியும் வரவில்லை. மேலே போய்ச் சேரும்வரை ஒரு வளைவையும் விடாமல் அடித்துக்கொண்டேதான் போனேன்.